தூம்பா அறைச் சாவி

புதுக்கோட்டை
19.03.2025

கோவில்பிள்ளை ஜெபக்குமார் அவர்களுக்கு,

பதினெட்டு வருஷம், ஞாயிறு தவறாமல், நீங்களும் நானும் ஒரே கொட்டகையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தோம். அத்தனை வருஷமும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. உங்கள் நம்பரை பிளாக் பண்ணி ஒரு வாரம் ஆகிறது, கவனித்திருப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் அழுவீர்கள், நான் இரங்கிப் போய்விடுவேன். அதனால்தான் கடுதாசி.

கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. போன பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, என் அப்பா வெள்ளைச்சாமியை வீட்டு வாசலில் கிடத்திவிட்டு, நானும் தம்பி சந்தோஷும் அவரை எடுத்துப்போகத் தூம்பாப் பெட்டி கேட்டுக் கோவில் வளாகத்தில் ரெண்டு மணி நேரம் நின்றோமே, அப்போது தூம்பா அறைச் சாவி யாரிடம் இருந்தது?

"சாவி நிலவழகன்ட்ட இருக்கு தங்கச்சி. அவரு போன எடுக்க மாட்டேங்குறாரு" என்றீர்கள். பங்குப்பேரவைச் செயலாளரிடம் தூம்பா அறைச் சாவிக்கு என்ன வேலை? கோவில்பிள்ளையாக மணியும் சாவியும் உங்கள் பொறுப்பான இந்த இருபது வருஷமாக அது உங்கள் இடுப்புக் கயிற்றில் கிடப்பதைப் பார்த்தவள் நான்.

முன்பு மேலத்தெருப் பிணத்துக்குத் தூம்பா, கீழத்தெருப் பிணத்துக்கு மூங்கில் பாடை. போன சாமியார்தான் பிடிவாதமாக நின்று, கோவில் தூம்பா எல்லோருக்கும் பொது என்று ஆக்கிவிட்டுப் போனார். ரெண்டு தெருவும் காணிக்கை போட்டு, புதுசாக வார்னிஷ் அடித்து, மூடியில் சிலுவை பதித்தோம். வார்னிஷ் காய்கிறவரை வெயிலில் காவல் இருந்தது யார் தெரியுமா? என் அப்பா. "செத்தா நமக்கும் இதுதாம்மா வண்டி" என்று சிரித்தார். அதற்கப்புறம் கீழத்தெருவில் விழுந்த முதல் சாவு அவருடையதுதான்.

நாற்பது வருஷம் ரெண்டு தெருவுக்கும் குழி வெட்டினவர். உங்கள் அம்மா தவறின ஐப்பசி மழையில், குழிக்குள் தண்ணீர் ஊற ஊற வாளியால் மொண்டு வெளியே கொட்டினாரே, மறந்துவிட்டதா? உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "வெள்ளைச்சாமி, இங்கிட்டு வா" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டீர்கள்.

துக்க மணியை மட்டும் குறைவில்லாமல் அடித்தீர்கள். சத்தத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

மூங்கில் வெட்டி, பாடை கட்டி, பொழுது சாய்கிற நேரத்தில்தான் எடுத்தோம். சாவி யாரிடம் இருந்தது? பதில் எழுதுங்கள்.

அடைக்கலமேரி


சூசைமேட்டுப்பட்டி
குளத்தூர் வழி
26.03.2025

தங்கச்சி அடைக்கலமேரி டீச்சருக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இங்கு அனைவரும் நலம் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்த கோடு உனக்குத் தெரியும். புதுத் தாளில் எழுத மனசில்லை.

தவக்காலம் ஆனதால் வேலை ஜாஸ்தி. சிலுவைப் பாதைப் படங்களைத் துடைத்து மாட்டினேன். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி சுற்றினேன். ஏணியில் நிற்கும்போதெல்லாம் உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைப்பது எனக்குப் பழக்கம், நீயே கேலி பண்ணுவாய். அன்றைக்குக் காலையில், நான் மணிக்கயிற்றைத் தொடுவதற்கு முன்னாலேயே நிலவழகன் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. "மாமா, இன்னைக்கி தூம்பா வெளிய வந்துச்சுன்னா, காவ்யா நிச்சயத்துக்கு நம்ம தெருவுலேருந்து ஒரு தல வராது. மாப்ள வீட்டுலயும் நான் பேச வேண்டியிருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மகளுக்கு முப்பது வயது ஆகிறது தங்கச்சி. நாலு இடம் தட்டிப்போய் இப்போதுதான் ஒன்று கூடிவந்தது.

சாவி என்னிடம்தான் இருந்தது. என் இடுப்பில்தான் இருந்தது. நீயும் சந்தோஷும் வேப்பமரத்தடியில் நின்ற ரெண்டு மணி நேரமும் அது இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. அவிழ்த்து உன் கையில் கொடுக்க அரை நிமிஷம் ஆகாது. நான் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவர் ஊருக்குப் புதுசு. "ரெண்டு பக்கமும் என் பிள்ளைங்கதான்" என்கிறார். நல்ல மனுஷன், பயந்த மனுஷன், என்னை மாதிரி.

இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் காட்டிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். மன்னிக்கிற மனசு உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஜெபக்குமார்


புதுக்கோட்டை
30.03.2025

ஜெபக்குமார் அவர்களுக்கு,

மன்னிக்கிற மனசு எனக்கு உண்டு என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் செய்துகொண்டே இருப்பீர்கள், நாங்கள் மன்னித்துக்கொண்டே இருப்போம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நற்கருணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கறி தின்போம்.

கோவிலுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் பரலோக மந்திரம் சொல்லிப் பார்க்கிறேன். மன்னிப்பு வருகிற வரி வரைக்கும் வாய் போகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. நாலு வயதிலிருந்து சொன்ன மந்திரம். உங்களால் அதுவும் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூம்பா மறுத்ததைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு வரும் ஒன்பதாம் தேதி தாலுகா ஆபீசில் விசாரணை. ரெண்டு தெருவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நிலவழகன் தரப்பில், சாவி தொலைந்துபோயிருந்தது, மற்றபடி ஒரு பாகுபாடும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோவில்பிள்ளை என்ற முறையில் உங்களையும் கேட்பார்கள்.

உங்கள் கடிதத்தைச் சந்தோஷ் பார்த்துவிட்டான். காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். பையிலிருந்து அவனே எடுத்துவிட்டான். "அக்கா, இது ஒண்ணு போதும். அதிகாரி கையில குடுத்தா அன்னைக்கே முடிஞ்சுது" என்கிறான். அவன் சொல்வது சரிதான். எங்கள் தெருப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் கொடுக்க மாட்டேன். சத்தியமாக இது பெருந்தன்மை இல்லை. பிடுங்கிக் காட்டிய காகிதம் எனக்கு வேண்டாம். உங்கள் தெருவில் பிறந்த ஒருத்தர், ஒரே ஒருத்தர், நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, "சாவி என்னிடம் இருந்தது, இவர்கள் அப்பனுக்குக் கொடுக்காமல் விட்டேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு அதுதான் மரியாதை. தூம்பா இனிமேல் அவருக்கு எதற்கு?

காவ்யாவை எனக்குத் தெரியாதா? உறுதிபூசுதலுக்கு அவளைத் தயார் பண்ணினதே நான்தான். அவள் கல்யாணம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவளா நான்? ஆனால் என் அப்பாவை அடகு வைத்துத்தான் அவள் கல்யாணம் நடக்க வேண்டுமா? அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கடிதம் என் பையில் இருக்கும். வெளியே எடுக்க மாட்டேன்.

அடைக்கலமேரி


சூசைமேட்டுப்பட்டி
05.04.2025

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வீட்டில் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன். பொய் சொல்வது வரவர எனக்குச் சுலபமாகிவிட்டது.

காவ்யா நிச்சயத்துக்குப் புடவை எடுத்துவிட்டோம். இருபத்தேழாம் தேதி, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு. நேற்று அவள் அந்தப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். இதையெல்லாம் உன்னிடம் ஏன் எழுதுகிறேன்? வேறு யாரிடம் எழுதுவது?

நீ அந்தக் காகிதத்தைக் காட்டிவிட்டால் எனக்குச் சுலபம் என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. மாட்டிக்கொண்டவன் என்று ஆகிவிடுவேன். யாரும் என்னைத் துரோகி என்று சொல்ல முடியாது. நீ அந்த வழியையும் அடைத்துவிட்டாய்.

சொல்கிறேன். ஒன்பதாம் தேதி சொல்லிவிடுகிறேன். பாஸ்கா மெழுகுவர்த்தி ஏற்றுகிற கையால் எழுதுகிறேன், சொல்லிவிடுவேன். எனக்காக வேண்டிக்கொள். வேண்டிக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறது. முடிந்தவரைக்கும் வேண்டிக்கொள்.

ஜெபக்குமார்


புதுக்கோட்டை
11.04.2025

ஜெபக்குமார்,

"சாவி எங்குனயோ தவறிப்போச்சுங்கய்யா. ரெண்டு நாள் கழிச்சு அலமாரிக்குப் பின்னாடி கெடந்துச்சு."

இதைச் சொல்லும்போது நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பை என் மடியில் இருந்தது. ஜிப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான். சந்தோஷ் என் முழங்கையை இடித்தான். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

நான் எடுக்கவில்லை.

அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். தவறுதலாக நடந்தது, இனிமேல் கவனமாக இருப்போம் என்று ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். நிலவழகன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். "டீச்சர், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். நான் வாங்கிக் குடித்தேன். குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சந்தோஷ் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்குகிற இடத்தில் மட்டும் வந்து சொன்னான். "நீ ஒன் கிருபைய வச்சுக்கக்கா. அப்பாவ அவுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்ட." நேற்றே திருப்பூருக்குப் போய்விட்டான். போன் எடுப்பதில்லை. கீழத்தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டதும் என்னால்தானே? டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று என்னை நம்பித்தானே வந்தார்கள்?

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆண்டவர் வாய் திறக்காமல் நின்றாரே, அப்படி நின்றேன் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், எவ்வளவு திமிர் பாருங்கள். இப்போது வேறொன்று அரிக்கிறது. அது கிருபையா, இல்லை, உங்கள் தெருக்காரர் முகம் சுண்டிவிடக் கூடாது என்று எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உடம்பில் ஏறிப்போன பழக்கமா? அப்பா குழிக்குள் நின்றுகொண்டு, கரையில் நிற்கிறவர்கள் வேட்டியில் மண் தெறிக்காமல் மெதுவாக அள்ளிப் போடுவார். நானும் அதைத்தான் செய்தேனோ? தெரியவில்லை. தெரியாமலேயே செத்துப்போவேன் போல.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எதுவும் எடுக்கவில்லை. இனிமேல் பயமில்லாமல் தூங்குங்கள். என் பையில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை.

பதில் எழுத வேண்டாம்.

அடைக்கலமேரி


சூசைமேட்டுப்பட்டி
22.04.2025
பதிவுத் தபால்

அடைக்கலமேரி டீச்சர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். இது ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவோமே, நாற்காலி போடுவது, தண்ணீர், தாம்பாளம், துண்டு எல்லாம் என் வேலை. எட்டுப் பேர் மேலத்தெரு, நாலு பேர் கீழத்தெரு. உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இருபது வருஷமாக நான் ரெண்டு துண்டு வைக்கிறேன். எட்டாவது ஆள் முடிந்ததும் சாமியார் கையில் ரெண்டாவது துண்டைக் கொடுப்பேன். முதல் துண்டு நனைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். அப்படி வை என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நிலவழகன்கூடச் சொன்னதில்லை. நானாகவே மடித்து வைத்தேன். உங்கள் அப்பா, வெள்ளைச்சாமி ஐயா, மூன்று தரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று தரமும் ரெண்டாவது துண்டுதான். சாவி விஷயத்தில் என்னை ஒருத்தர் மிரட்டினார் என்று சொல்லலாம். துண்டுக்கு என்ன சொல்வேன்?

இந்த வருஷம் ஒரே துண்டு வைத்தேன். கீழத்தெரு நாலு பேரை முதல் நாலு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நிலவழகன் ஏழாவது நாற்காலியில் இருந்தார். துண்டு அவர் காலுக்கு வந்ததும், காலை இழுத்துச் செருப்புக்குள் விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

அப்புறம் நான் மைக்கைப் பிடித்தேன். நீங்கள் திருப்பி அனுப்பிய என் கடிதத்தை வாசித்தேன். வேகமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன், என் சுபாவம் முடியவில்லை. ஏணி, ஊதாத் துணி என்று இழுத்துக்கொண்டே போனேன். "சாவி என்னிடம்தான்" என்ற இடம் வருவதற்கு முன்னால், நிலவழகன் பெயரை வாசித்ததுமே மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலும் வாசித்தேன். யாரோ சைகை காட்ட, பாடகர் குழு பாட ஆரம்பித்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாமியார் என் தோளைத் தொட்டு, "போதும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. நிச்சயம் நின்றுவிட்டது. காவ்யா என்னுடன் பேசுவதில்லை. அவள் பேசாததில் நியாயம் இருக்கிறது. நேற்று தாலுகா ஆபீசுக்கும் போனேன். "ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடிஞ்சுபோச்சேய்யா, இப்ப வந்து சொன்னா?" என்றார்கள். எழுதிக் கொடுத்த தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கோவில் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சாவிக் கொத்தை நிலவழகன் கையில் கொடுத்தேன். அதில் ஒன்று குறைவு. அந்த ஒன்று இந்தக் கவருக்குள் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் பதினொன்றாம் தேதி கொடுத்திருக்க வேண்டியது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போன தரம் அதைக் கேட்டதே தப்பு என்று இப்போது புரிகிறது.

ஜெபக்குமார்


புதுக்கோட்டை
05.05.2025

அண்ணே,

சாவி வந்தது. கவர் ஓரம் கிழிந்திருந்தது, நல்லவேளை விழவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். நேரே தூம்பா அறைக்குத்தான் போனேன். திறந்து பார்க்க வேண்டும், அப்பா காவல் இருந்த அந்த வார்னிஷைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பூட்டை மாற்றிவிட்டார்கள். புதுப் பூட்டு, விலைச் சீட்டுக்கூட உரிக்கவில்லை. உங்கள் சாவியை நுழைத்தும் பார்த்தேன், என் புத்தி அப்படி. பாதிக்கு மேல் போகவில்லை.

பக்கத்தில் கார்த்திகா நின்றாள், நம் வகுப்பில் படித்தாளே, அவள்தான். "டீச்சர், இனிமே தூம்பா யாருக்கும் கெடையாதாம். அவுங்கவுங்க ஐஸ் பெட்டி, வண்டி வாடகைக்கி எடுத்துக்கணுமாம். பேரவையில முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். எங்களோடு ஒரே பெட்டியில் போவதைவிட, ஒரு பெட்டியும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பெரிய வியாழன் பற்றியும் அவளிடம் கேட்டேன். எங்கள் ஆட்கள் உட்காருகிற பக்கவாட்டு வாசல் பக்கம் ஏணி, ஊதாத் துணிக்கு மேல் நீங்கள் வாசித்தது ஒன்றும் கேட்கவில்லையாம். "வாய் அசஞ்சுச்சு டீச்சர், அழுதாரு, என்னன்னு தெரியல" என்றாள். கீழத்தெருவுக்கு இன்னும் நீங்கள் அலமாரிக்குப் பின்னால் சாவியைத் தேடின ஆள்தான். சந்தோஷுக்கும் அப்படித்தான். சாவியோடு வந்த உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

துண்டு பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது சாவியைவிட அதிகமாக வலித்தது. பெரிய வியாழன் முடிந்து வந்தால், கழுவின பாதத்தில் மண் படக் கூடாது என்று அப்பா அன்றைக்குப் படுக்கிற வரைக்கும் செருப்பைக் கழற்ற மாட்டார். அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் சுமந்துகொள்ளுங்கள். அவரை ஐயா என்று எழுதியிருந்ததை ரெண்டு தரம் வாசித்தேன். உயிரோடு இருக்கும்போது ஒரு தரம் அவர் காதில் விழுந்திருக்கலாம்.

பூசைக்கு உள்ளே போனேன். ரெண்டு மாதத்துக்கு அப்புறம். பரலோக மந்திரத்தில் அதே வரியில்தான் நின்றேன். எல்லோரும் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள். மேலத்தெரு பெஞ்சில் உங்களுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை என்று கார்த்திகா சொன்னாள். வேப்பமரத்தடிக்குக்கூடப் போகாமல் நின்றீர்கள். ரெண்டு மணி நேரம் நாங்கள் நின்ற இடம் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ.

நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னிக்கவில்லை. உங்கள் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. காவ்யாவுக்காக மட்டும் வேண்டிக்கொள்கிறேன், அது முடிகிறது.

எங்கள் பக்கம் பெஞ்சு கிடையாது, பாய்தான், உங்களுக்கே தெரியும், இத்தனை வருஷம் அதை விரித்ததும் நீங்கள்தானே. வந்து உட்கார்ந்தால் எங்கள் ஆட்கள் பேச மாட்டார்கள். சில பேர் எழுந்துகூடப் போவார்கள். போகட்டும். பாயின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், அப்பா உட்காருகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு வெயிலில் நிற்காமல் உள்ளே வாருங்கள்.

அடைக்கலமேரி